தப்பு வேறு, புத்தி கெட்ட முடிவு வேறு

நகராட்சி உரிமப் பிரிவில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. வைத்தவருக்குக் கண் இருந்தது என்பது மட்டும் நிச்சயம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த அலுவலகத்தில் ரொம்பக் குறைவு. கோப்பை நின்றபடியே படிப்பாள், நின்றபடியே கையெழுத்துப் போடுவாள், போட்ட கையோடு பக்கத்து மேசைக்குப் போய், "இது ஏன் இன்னும் தூங்குது?" என்று கேட்பாள். தேநீர் கொண்டுவருகிறவர் அவளைத் தேடி மாடி ஏறி இறங்கிச் சலித்துப்போய், டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அது ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். அதையும் நின்றுகொண்டே ஒரே மடக்கில் குடிப்பாள்.

பிறவிக் குணம் அது. பள்ளிக்கூடத்தில் அவளை ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியாமல், மணி அடிக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லா வகுப்பும் சீக்கிரம் முடிய ஆரம்பித்ததும் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். படிப்பு முடிந்ததும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது. நாளெல்லாம் தெருவில் நடப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை அவளால் கொஞ்ச நாளைக்கு நம்பவே முடியவில்லை. பிறகு பரீட்சை எழுதி ஆய்வாளரானாள், இன்னொன்று எழுதி உரிம அதிகாரியானாள். பதவி உயர உயர மற்றவர்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொள்வார்கள். இவள் மட்டும் கடைகளை நேரில் பார்க்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

வீட்டுக்காரர் நேர் எதிர். அவர் தையல்காரர். முன்னறையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், பசித்தால்தான் எழுந்திருப்பார். "நான் ஆணியடிச்சு வச்ச ஆளு, அவ அவுத்துவிட்ட கன்னுக்குட்டி" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள். வாய் அப்பாவைக் கொண்டிருந்தது, வேகம் அம்மாவைக் கொண்டிருந்தது. அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

இந்தப் பம்பரம்தான் ஒரு பூட்டுக்காரரின் கடையைப் பறித்தாள்.

பேருந்து நிலையத்துக் கூரைக்குக் கீழே, டிக்கெட் ஜன்னலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். அதில் ஒன்று அவருடையது. இரண்டு பேர் தோள் இடிக்க நின்றால் நிறைந்துபோகும் அளவுதான். கம்பியில் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கீழே ஒரு சாவி வெட்டும் மிஷின், ஒரு முக்காலி, சாவி தேய்க்கும் அரங்கள் போட்ட ஒரு தகர டப்பா. அங்கே இடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். கடையை வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு மேல் வாடகைக்கு விடும் ஆட்களை விரட்ட நகராட்சி ஒரு விதி வைத்திருந்தது: ஆய்வுக்குப் போகும்போது மூன்று தடவை கடையில் உரிமம் வாங்கியவர் இல்லையென்றால் உரிமத்தை ரத்து செய்யலாம்.

பம்பரம் தினமும் பேருந்தில் வந்து இறங்குவதே அந்த நிலையத்தில்தான். இறங்கின காலோடு கடைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம் என்பது அவள் கணக்கு. அப்படிப் பார்த்த மூன்று தடவையும் பூட்டுக்காரர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதில் ஒரு அட்டை தொங்கியது. ‘இதோ வந்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தது. முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை எரிச்சல் வந்தது. எங்கே வந்துவிட்டாராம்?

விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. பூட்டுக்காரர் இரண்டு வரியில் பதில் எழுதினார்: வேலை விஷயமாக வெளியே போயிருந்தேன், மன்னிக்கவும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பம்பரம் உத்தரவு எழுதினாள். கடை என்பது கடையில் வேலை செய்பவருக்கு. வெளியே போய் வேலை செய்பவருக்குக் கடை அவசியமில்லை. இடத்துக்காகப் பலர் காத்திருக்கிறார்கள். ஆகவே உரிமம் ரத்து. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சந்தைப் பக்கம் கிளம்பிவிட்டாள். படித்துப் பார்த்தால் யாருக்கும் அது சரியாகத்தான் படும்.

கோர்ட்டிலிருந்து கடிதம் வந்த அன்று அதை முதலில் பிரித்தது மகள்தான். அலுவலகத்துக்கு வந்த நகலை அம்மா கைப்பையில் திணித்துக்கொண்டு வந்திருந்தாள், பையைத் துழாவிய மகள் கையில் அது அகப்பட்டது.

"அம்மா, நீ புத்தியுள்ள மனுஷியான்னு கோர்ட்டுல சந்தேகப்படறாங்க."

"என்னடி உளர்றே?"

"நான் உளறல. இங்க எழுதியிருக்கு பாரு. புத்தியுள்ள எந்த அதிகாரியும் எடுத்திருக்கவே முடியாத முடிவு, அதனால ரத்து செய்யணுமாம். அந்தப் பூட்டுக்காரரோட வக்கீல் போட்டிருக்காங்க."

மிஷின் சத்தம் நின்றது. "நான் அப்பவே கேட்டிருக்கணும்" என்றார் வீட்டுக்காரர். "கல்யாணத்துக்கு முன்னாடியே." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பம்பரமும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது. எழுந்து போய்க் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள்.

நகராட்சி வக்கீல் குண்டான, நிதானமான மனிதர். அவர் அறையில் எல்லா நாற்காலியிலும் கட்டுக் கட்டாகக் காகிதம் இருந்ததால் நிற்பதற்கு அவளுக்கு ஒரு சாக்குக் கிடைத்தது.

"பயப்படாதீங்க மேடம்" என்றார் அவர். "உங்க முடிவு சரியா தப்பான்னு கோர்ட்டு பாக்காது."

"அப்புறம் எதைப் பாக்கும்?"

"தப்பு வேற, புத்தி கெட்ட முடிவு வேற. ஒரே விஷயத்துல நீங்க ஒரு மாதிரி முடிவெடுப்பீங்க, நான் ஒரு மாதிரி எடுப்பேன். ரெண்டுமே புத்தியுள்ளவங்க எடுக்கற முடிவா இருக்கலாம். அந்த எல்லைக்குள்ள நீங்க எங்க நின்னாலும் கோர்ட்டு உங்களைத் தொடாது. எல்லையைத் தாண்டிப் போனீங்களான்னு மட்டும்தான் பாக்கும். தலைமுடி சிவப்பா இருக்குன்னு ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கினா, அது தாண்டினது."

"அப்ப நான் தாண்டலையா?"

"கோப்பைப் பாத்தா தாண்டின மாதிரி தெரியல."

இதைக் கேட்டு அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதை எடுத்தாலும் அந்த வார்த்தை முன்னால் வந்து நின்றது. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள், திடீரென்று புத்தியுள்ள மனுஷி இதை எடுப்பாளா என்று தோன்றும், போட்டுவிட்டு வேறு எடுப்பாள். "ஏம்மா, எடுக்கறதா இருந்தா எடுங்க, எல்லாத்தையும் தடவிக் குடுத்துட்டுப் போகாதீங்க" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய மேசையில் கோப்புகள் சேர ஆரம்பித்தன. பக்கத்து மேசைக்காரர்களுக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

அப்படி நிலைகொள்ளாமல் இருந்த ஒரு மத்தியானம் சாப்பாடு இறங்காமல் டப்பாவை மூடிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. கால் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த வேளையில் அவள் அங்கே வந்ததே கிடையாது. மத்தியானம் என்றால் சந்தை, சாயங்காலம் என்றால் சாலையோரத் தள்ளுவண்டிகள், வீட்டுக்குப் பேருந்தும் அங்கேயே பிடித்துவிடுவாள், பேருந்து நிலையம் காலையில் மட்டும்தான். வருஷக்கணக்காக அப்படித்தான்.

பூட்டுக்காரர் கடை திறந்திருந்தது. வழக்கு முடியும்வரை கடையைக் காலி செய்ய வேண்டாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து அரத்தால் ஒரு சாவியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. முன்னால் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு அம்மா பெட்டிப் பூட்டைக் கையில் வைத்திருந்தாள், ஒரு லாரி ஓட்டுநர் வண்டிச் சாவிக்கு நகல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பம்பரம் பக்கத்துப் பழச்சாறுக் கடையில் ஒதுங்கி ஒரு சாறு கேட்டாள். "இவரு இப்படித்தான் எப்பவும் கடையில இருப்பாரா?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"காலையில மட்டும் பிடிக்க முடியாதும்மா" என்றாள் பழச்சாறு போடுகிறவள். "காலையிலதானே எல்லாரும் அவசரத்துல சாவியை உள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்திடறாங்க? பிள்ளை ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம், இவங்க வெளிய நின்னு அழுவாங்க. அப்ப ஆளை விட்டு இவரைத்தான் கூப்பிடுவாங்க. ஒன்பது பத்து மணிக்கு மேல வந்துட்டா ராத்திரி வரைக்கும் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டாரு. டீ குடிக்கக்கூட நான்தான் வாங்கித் தரணும்."

பம்பரம் மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் தான் பேருந்தை விட்டு இறங்கின அதே நேரத்தில். நாள் வேறு வேறு, வேளை ஒன்றே. ஆய்வுக் குறிப்பில் தேதி போடுவது வழக்கம், நேரம் போடுவது வழக்கமில்லை. அதனால் ஆய்வு எந்த வேளையில் நடந்தது என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய வக்கீலுக்கும் தெரியாது. இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கடையில் இருக்கும் மனிதரை, ஒரு நடை மிச்சம் பிடிப்பதற்காக, இல்லாத மனிதர் ஆக்கிவிட்டாள். கேட்ட பழச்சாற்றைக் குடிக்காமலே அவள் வேகமாக வெளியே நடந்தாள்.

அங்கிருந்து நேராக வக்கீலிடம் போனாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். "அவங்க மனுவுல இதைக் கேட்டிருக்காங்களா?"

"அவங்களுக்குத் தெரியாதே."

"அப்ப நீங்க ஏன் சொல்லணும்? முடிவெடுக்கும்போது உங்க முன்னாடி என்ன இருந்துச்சோ அதை வச்சுத்தான் கோர்ட்டு பாக்கும். மூணு தேதி, ஒரு நோட்டீஸ், ரெண்டு வரி பதில். அவரு எழுதியிருக்கலாமே, காலையில மட்டும்தான் வெளிய போவேன்னு? எழுதல. அது உங்க தப்பா?"

"நான் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம். கேக்கல. கேக்காதது புத்தி கெட்ட செயலாயிடாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதைப் பாருங்க மேடம். இப்ப நீங்களா போய் இதைச் சொன்னா, உங்க பேரு தீர்ப்புல ஏறிடும். புத்தியுள்ள எவரும் இப்படிச் செய்திருக்க மாட்டார்னு அச்சுல வந்துடும். நாளைக்கு நீங்க போடற ஒவ்வொரு உத்தரவையும் அதைக் காட்டியே கிழிப்பாங்க. எதுக்கு?"

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கோர்ட்டு எப்படியும் உன் உத்தரவை ரத்து பண்ணிடும்னு நினைக்கிறியா?"

"பண்ணிட்டா நல்லாயிருக்கும்."

"ஏன், நீயே பண்ணக்கூடாதா?"

"வழக்கு நடக்கும்போது எப்படிங்க? கோர்ட்டே பாத்துக்கட்டும்."

"ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒற்றை எழுத்து அவளை ராத்திரி முழுக்கப் புரட்டி எடுத்தது.

வழக்கு வந்த நாள் அவள் முதல் ஆளாகக் கோர்ட்டில் இருந்தாள். தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்ததில் அங்கிருந்த காவலர், "யாரையாவது தேடறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். உள்ளே மின்விசிறிகள் கிரீச்சிட்டன. பூட்டுக்காரர் எதிர்ப்பக்க பெஞ்சில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். கையில் அரம் இல்லாமல் அந்தக் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்கால்மேல் கிடந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள்.

அவருடைய வக்கீல் ஒரு இளம்பெண். நன்றாகவே பேசினாள். பூட்டுக்காரரின் தொழிலே பாதி கடையில், பாதி கதவுகளில். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லாமல் வைத்தியம் பார்ப்பாரா? கதவுக்குப் போகாமல் கதவைத் திறக்க முடியுமா? அந்தக் கடைதான் மக்கள் அவரைத் தேடி வரும் விலாசம். மேல் வாடகைக்கு விடுகிறவர்களைப் பிடிக்கப் போட்ட விதியை உழைக்கிற மனிதர்மேல் வீசியது எந்தப் புத்தியில் சேர்த்தி?

நகராட்சி வக்கீல் தன் நிதானத்தோடு எழுந்தார். இடம் குறைவு, கேட்பவர் அதிகம், விதி எல்லோருக்கும் பொது, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தோம் என்று அடுக்கினார்.

நீதிபதி வயதானவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரு கேள்வி கேட்டார். "மூணு ஆய்வும் வெவ்வேறு நேரத்துல நடந்ததா? எல்லாம் ஒரே சமயத்துல போய்ப் பாத்துட்டு ஆள் இல்லைன்னு சொல்லிடலையே?"

பம்பரம் நகராட்சி வக்கீலைப் பார்த்தாள்.

"மூன்று வெவ்வேறு நாட்கள், ஐயா" என்றார் வக்கீல். "ஒவ்வொன்றுக்கும் இடையில் வாரக்கணக்கில் இடைவெளி. தேதிகள் கோப்பில் இருக்கின்றன."

அதில் பொய் ஒன்றும் இல்லை. நீதிபதி தலையசைத்தார். பம்பரம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். முதுகு நிமிர்ந்தது, உதடு பிரிந்தது. எழுந்து, ஐயா, நாள்தான் வேறு, வேளை ஒன்றுதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சு விடும் நேரம். உட்காரச் சொன்னால் எழுந்து நிற்கும் அந்த உடம்பு, எழுந்திருக்க வேண்டிய அந்த ஒரு நேரத்தில் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. நீதிபதி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

தீர்ப்பை அங்கேயே சொன்னார்.

"இந்த அதிகாரி இடத்துல நான் இருந்திருந்தா இந்த உத்தரவைப் போட்டிருக்க மாட்டேன்" என்றார். "இது கடுமையான முடிவு. ஆனா நான் அந்த இடத்துல இல்லை. கடை யாருக்குன்னு தீர்மானிக்கற வேலையைச் சட்டம் அவங்களுக்குக் குடுத்திருக்கு, எனக்குக் குடுக்கல. எனக்குப் பிடிக்கலைங்கறதுக்காக அதை நான் பிடுங்கிக்க முடியாது. மூணு தனித்தனி ஆய்வு நடந்திருக்கு, பதில் கேட்டிருக்காங்க, காரணம் சொல்லியிருக்காங்க. புத்தியுள்ள ஒருத்தர் இப்படியும் முடிவெடுத்திருக்கலாம். மனு தள்ளுபடி."

ஜெயித்துவிட்டாள். வக்கீல் கை கொடுத்தார். "நான் சொல்லல?" என்றார். பம்பரம் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பூட்டுக்காரருக்குத் தீர்ப்புப் புரியவில்லை. அந்த இளம்பெண் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் மெல்லத் தலையாட்டினார், மறுபடி மறுபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அவள் மனசின் அடியில் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. தோற்றுவிடுவோம், கோர்ட் அவர் கடையை அவருக்குக் கொடுத்துவிடும், நாம் எதுவும் சொல்லாமலே எல்லாம் நேராகிவிடும் என்று இருந்திருக்கிறாள். நீதிபதி என்னடாவென்றால் அந்த முடிவைத் துடைத்து மடித்து அவள் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டார். இது உன்னுடையது என்று.

சாயங்காலம் கேசரி, லட்டு என்று ஒருவரும் கொண்டாடவில்லை என்றாலும், அலுவலகத்தில் அவளை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். கோர்ட்டே சரியென்று சொன்ன கை. அடுத்த நாள் காலை, கடைக்குக் காத்திருக்கும் வரிசையில் அடுத்த ஆளான மூக்குக்கண்ணாடி ரிப்பேர்காரர் வந்து, இடத்தை அளந்து பார்க்கலாமா என்று கேட்டார். பாவம், நல்ல மனிதர், அவரும் எத்தனையோ காலமாகக் காத்திருக்கிறார். அளக்கும் நாடாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்த மஞ்சள் நாடாவைப் பார்த்த மாத்திரத்தில் பம்பரம், "இன்னும் முடிவாகல, போங்க" என்று கத்திவிட்டாள். அவர் மிரண்டுபோய்ப் படியில் தடுக்கிக்கொண்டு இறங்கினார். அவர்மேல் பாய்ந்ததற்கு அவளுக்குப் பிறகு வெட்கமாக இருந்தது.

கத்தின சூட்டோடு நகராட்சி ஆணையர் அறைக்குப் போனாள்.

"என் உத்தரவை நானே திரும்பப் பாக்கணும், சார்."

ஆணையர் நிமிர்ந்தார். "எந்த உத்தரவு? நேத்து ஜெயிச்சோமே, அதுவா?"

"அதேதான்."

"கோர்ட்டே தப்பில்லைன்னு சொன்னதை நீங்க தப்புன்னு சொல்லப் போறீங்களா?"

"கோர்ட்டு தப்பில்லைன்னு சொல்லல, சார். நான் தப்பு பண்றதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னுதான் சொல்லிச்சு."

ஆணையருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நடந்ததை அவள் சொன்னாள். "புதுசா ஒரு தகவல் வந்தா மறுபரிசீலனை பண்ணலாம்" என்றார் அவர். "ஆனா அந்தத் தகவல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதணும். எழுதினா, கோர்ட்டுல அது ஏன் சொல்லப்படலைன்னு உங்ககிட்ட விளக்கம் கேக்க வேண்டியது என் கடமை. இது தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியும் சார்."

"அப்ப உக்காந்து எழுதுங்க."

அவள் உட்கார்ந்துதான் எழுதினாள். பேருந்து நிலைய ஆய்வுகள் மூன்றும் காலை ஒரே வேளையில் மட்டும் நடந்தன. அந்த வேளை ஆய்வு செய்தவரின் சௌகரியத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பூட்டு வேலை செய்பவர் வீடுகளுக்கு அழைக்கப்படும் வேளையும் அதுவே. மற்ற நேரமெல்லாம் அவர் கடையில் இருக்கிறார். இதைச் சொல்வது அதே அதிகாரி. உரிமம் திரும்ப வழங்கப்படுகிறது. எழுதியதைப் பலமுறை அடித்துத் திருத்தினாள். அவள் கோப்பில் அடித்தல் திருத்தலைப் பார்த்தே அறியாத எழுத்தர் தட்டச்சு செய்யும்போது, "மேடம், உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டார்.

தபாலில் அனுப்பியிருக்கலாம். அவளுக்குப் பொறுக்கவில்லை. மத்தியான வெயிலில் கிட்டத்தட்ட ஓடினாள். பூட்டுக்காரர் கம்பியிலிருந்து சாவிக் கொத்துகளைக் கழற்றி ஒரு சாக்குக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மிஷினைத் துணி சுற்றி வைத்தாயிற்று. முக்காலி மட்டும் வெளியே இருந்தது.

"கழற்றாதீங்க" என்றாள். மூச்சு இரைத்தது. "நிறுத்துங்க. இதைப் படிங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். பம்பரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் எந்த விளக்கத்தை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துக்கொள்ளலாம்.

"கடை என்கிட்டயே இருக்குதா?" என்றார்.

"உங்ககிட்டயேதான்."

"சரிம்மா." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சாக்கிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்துக் கம்பியில் மாட்டினார். அடுத்ததை எடுத்தவர் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"காலையில மட்டும்தான் வந்தோம்னு, கோர்ட்டுக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"ஜட்ஜ் ஐயா கேட்டாரே, அப்ப?"

"அப்பவும் தெரியும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவர் கேட்டப்ப நான் உங்களைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார். "பெஞ்சைப் பிடிச்சுட்டு எழுந்திருக்கப் பாத்தீங்க. என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா எனக்காகத்தான் ஏதோ சொல்லப் போறீங்கன்னு நினைச்சேன். அப்படித் தோணிச்சு."

ஒருவர் பழைய பூட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்து, திறக்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று நீட்டினார். பூட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.